தலையணைக்கு அடியில் துப்பாக்கி... தூக்கம் தொலைத்த போர் ஹீரோ ஆடி மர்ஃபியின் கதை!

ராத்திரி தூங்கப் போகும்போது தலையணைக்குப் பக்கத்தில் நமக்கெல்லாம் என்ன இருக்கும்? போன். கூடிப்போனால் ஒரு சார்ஜர். ஆடி மர்ஃபிக்குத் துப்பாக்கி. அதுவும் குண்டு போட்டுத் தயாராக வைத்தது. சண்டை முடிந்து, ஊர் திரும்பி, கல்யாணமாகி, ஹாலிவுட்டில் ஹீரோ ஆன பிறகும் அந்தத் துப்பாக்கி தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

யார் இந்த ஆடி மர்ஃபி? இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்கா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய வீரர். அந்த நாட்டு ராணுவம் வீரத்துக்காகத் தரும் பதக்கங்களில் அவர் வாங்காதது என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். பிரான்சும் பெல்ஜியமும்கூட தங்கள் பங்குக்குப் பதக்கம் கொடுத்தன. அதற்குப் பிறகு 40-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். கேட்கிறதுக்குச் செம கெத்தான வாழ்க்கை மாதிரிதான் இருக்கும். ஆனா, அவர் வாழ்க்கையின் ரொம்ப நீளமான சண்டை போர்க்களத்தில் நடக்கவில்லை. வீட்டுக்குள் நடந்தது. அதில் அவருக்குத் துணைக்கு வர அப்போது யாருமே இல்லை.

பருத்திக் காட்டுப் பையன்

டெக்சாஸ் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற சின்ன ஊர்ப் பக்கம், 1925 ஜூன் மாதம் பிறந்தவர் ஆடி. சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து உழுகிற குடும்பம். பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. அப்பா அடிக்கடி வீட்டை விட்டுக் காணாமல் போவார். ஒரு கட்டத்தில் ஒரேயடியாகப் போய்விட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பருத்தி எடுக்கப் போனான் ஆடி. நாள் கூலி ஒரு டாலர். வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் முயல் வேட்டை. தோட்டா வாங்கவும் காசு வேண்டுமே... அதனால் குறி தப்பவே கூடாது.

1941-ல் அம்மா ஜோஸி இறந்துபோனார். கடைசி மூன்று பிள்ளைகளை அநாதை இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலைமை. அதே வருஷம் டிசம்பரில் ஜப்பான், பேர்ல் ஹார்பரைத் தாக்க, அமெரிக்கா போரில் குதித்தது. ஆடியும் படையில் சேரக் கிளம்பினான். மரைன் படையில், ஆள் ரொம்பச் சின்னதாக இருக்கிறான் என்று திருப்பி அனுப்பினார்கள். பாராசூட் படையிலும் அதே கதை. ஐந்தரை அடிகூட இல்லாத ஒல்லிப் பையன். போதாக்குறைக்கு வயசும் பத்தவில்லை. அக்கா காரின்தான் தம்பிக்கு வயசைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 1942 கோடையில் தரைப்படை அவனைச் சேர்த்துக்கொண்டது. அப்போது ஆடிக்கு 17 வயசு.

எரிகிற வண்டி மேல் ஒரு மணி நேரம்

முதலில் வட ஆப்பிரிக்கா. அப்புறம் சிசிலி, இத்தாலி, பிரான்ஸ். மலேரியாவில் படுத்தார், எழுந்தார், திரும்பவும் முன்வரிசைக்குப் போனார். 1944 ஆகஸ்ட் 15 அன்று தெற்கு பிரான்சின் கடற்கரையில் இறங்கிய சில மணி நேரத்தில், அவருடைய உயிர் நண்பன் லேட்டி டிப்டன் அவர் கண் முன்னாலேயே விழுந்தார். சரணடைவதுபோல எதிரிகள் காட்ட, அதை நம்பி எழுந்து நின்ற நேரத்தில் டிப்டனைச் சுட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆடி ஒற்றை ஆளாக அந்தக் குன்றில் ஏறி அங்கிருந்த எதிரிகளை வீழ்த்தினார். பதக்கம் கிடைத்தது. நண்பன் கிடைக்கவில்லை.

1945 ஜனவரி 26. பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் கிராமத்துப் பக்கம், பனி கொட்டிக்கிடக்கும் காடு. ஆறு டாங்கிகளும், பின்னால் சுமார் 250 காலாட்படை வீரர்களுமாக ஜெர்மானியர்கள் வந்தார்கள். தன் ஆள்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, ஆடி மட்டும் அங்கேயே நின்றார். பக்கத்தில் அடிபட்டு எரிந்துகொண்டிருந்த ஒரு கவச வண்டி. எந்த நிமிஷமும் வெடிக்கலாம். அதன் மேல் ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் சுட ஆரம்பித்தார். ஒரு கையில் போன், பீரங்கிப் படைக்கு எங்கே குண்டு போட வேண்டும் என்று சொல்வதற்கு. காலில் அடிபட்டும் இறங்கவில்லை. சுமார் ஒரு மணி நேரம்! எதிரிகள் பின்வாங்கினார்கள்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் 'மெடல் ஆஃப் ஹானர்'. நம்ம பரம் வீர் சக்ரா மாதிரி அமெரிக்காவின் உச்சபட்ச வீர விருது. அப்போது அவருக்கு வயசு 19. இன்றைக்கு காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற பையனின் வயசு.

நாய்களுக்கு இருந்த பயிற்சி

1945 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டைப்படத்தில் ஆடியின் சிரித்த முகம் வந்தது. ஊர்வலம், வரவேற்பு, கைகுலுக்கல். பிறகு யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவ்வளவுதான்.

நியாயமாகச் சொன்னால், அமெரிக்க அரசு தன் வீரர்களை முழுசாகக் கைவிட்டுவிடவில்லை. 1944-லேயே ஒரு பெரிய சட்டம் போட்டிருந்தார்கள். 'ஜி.ஐ. பில்' என்று பெயர். திரும்பி வரும் வீரர்களுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கடன், வேலை கிடைக்கும்வரை ஒரு வருஷம் உதவித்தொகை எல்லாம் அதில் இருந்தது. காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் இருந்தன. லட்சக்கணக்கான குடும்பங்கள் இதனால் தலைநிமிர்ந்தன. ஆனா, கை கால் முழுசாகத் திரும்பி வந்து, ராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறவருக்கு? அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் மனைவிக்கு? அந்தச் சட்டத்தில் அவர்களுக்கென்று பெரிதாக எதுவும் இல்லை.

இதில் ஒரு விஷயம் ஆடியின் மனசை ரொம்பவே உறுத்தியது. போரின்போது அமெரிக்கக் குடும்பங்கள் பல, தங்கள் வளர்ப்பு நாய்களை ராணுவத்துக்குக் கொடுத்திருந்தன. போர் முடிந்ததும் அந்த நாய்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. முதலில் மறுபயிற்சி கொடுத்தார்கள். எதிரே வரும் மனிதர்கள் எல்லோரும் எதிரிகள் இல்லை என்று பழக்கினார்கள். சுற்றிச் சுற்றி சைக்கிள் ஓட்டிப் பார்த்தார்கள். பெரிய சத்தத்துக்கு நடுவில் நிறுத்தி, மிரளாமல் இருக்கிறதா என்று சோதித்தார்கள். தேறிய பிறகுதான் வீடு. நாய்களுக்கு இவ்வளவு யோசித்தவர்கள், மனிதர்களை மட்டும் ஒரே நாளில் சிவிலியன் ஆக்கி, நீந்தினால் நீந்து, மூழ்கினால் மூழ்கு என்று விட்டுவிட்டார்கள் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார் ஆடி.

யோசித்துப் பாருங்க. சின்னச் சத்தம் கேட்டாலும் உடனே சுட வேண்டும், தூங்கினாலும் அரைத்தூக்கம்தான் என்று இரண்டு வருஷம் பழகிய உடம்பு அது. கப்பல் ஏறி ஊருக்கு வந்துவிட்டால் மட்டும் அது எப்படி மாறும்?

வாண்டாவுக்குத் தெரிந்த ஆடி

அட்டைப்படத்தைப் பார்த்த நடிகர் ஜேம்ஸ் காக்னி, ஆடியை ஹாலிவுட்டுக்கு அழைத்தார். உடனே வாய்ப்பு கொட்டிவிடவில்லை. ஒரு ஜிம்மில் தங்கிக்கொண்டு சில வருஷங்களை ஓட்டினார். கையில் காசு வந்ததும், அநாதை இல்லத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் வந்து தங்க வேண்டும் என்று டெக்சாஸில் அக்கா குடும்பத்துக்கு ஒரு வீடு வாங்கினார். 1949-ல் அவருடைய போர் அனுபவங்கள் 'டு ஹெல் அண்ட் பேக்' என்ற புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டது. அதே வருஷம் நடிகை வாண்டா ஹெண்ட்ரிக்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார்.

வெளியில் பார்த்தவர்களுக்கு அழகான ஸ்டார் ஜோடி. வீட்டுக்குள் வேறு கதை. கொடுங்கனவு, தூக்கமின்மை, தீராத தலைவலி, திடீர் கோபம். துப்பாக்கி பற்றி முதலிலேயே சொன்னோமே... அது ஒருமுறை தன்னை நோக்கியே நீண்டது என்று பின்னாளில் வாண்டா சொன்னார். அதே ஆடி, போரில் பெற்றோரை இழந்த ஜெர்மன் குழந்தைகளை நியூஸ் ரீலில் பார்த்தால் கண் கலங்கிவிடுவார் என்று சொன்னதும் வாண்டாதான். அந்தக் குழந்தைகளின் அப்பாக்களில் எத்தனை பேர் தன் குண்டுக்கு விழுந்தவர்களோ என்ற நினைப்பு.

ஆடியின் வேதனை உண்மை. அதற்காக வாண்டா பட்ட பயம் பொய்யாகிவிடாது. இருபதை ஒட்டிய வயசில் ஒரு பெண், இந்த மாதிரி ஒருவரோடு எப்படி வாழ்வது, எங்கே போய் உதவி கேட்பது? கேட்க இடமே இல்லை. 1951-ல் அந்தக் கல்யாணம் முறிந்தது. அதே வருஷம் பமேலா ஆர்ச்சரை மணந்தார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். துப்பாக்கியும் கெட்ட கனவும் இந்தக் கல்யாணத்துக்கும் கூடவே வந்தன.

ராணுவம் ஒளித்துவைத்த படம்

அப்போது இதைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். வெளியே சொல்லத்தான் மனசு வரவில்லை. இயக்குநர் ஜான் ஹியூஸ்டன், மனம் உடைந்து திரும்பிய வீரர்கள் சிகிச்சை பெற்ற ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் போய் 'லெட் தேர் பி லைட்' என்ற ஆவணப்படம் எடுத்தார். எடுக்கச் சொன்னதும் ராணுவம்தான். 1946-ல் படம் தயாரானதும், மக்களுக்குக் காட்டக் கூடாது என்று தடுத்ததும் அதே ராணுவம்தான். 30 வருஷங்களுக்கும் மேலாக அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அதே ஹியூஸ்டன், 1951-ல் 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' படத்தில் யாரை ஹீரோவாகப் போட்டார் தெரியுமா? ஆடி மர்ஃபியை. போர்க்களத்தில் பயந்து ஓடிப்போகிற ஒரு சின்னப் பையனின் வேஷம் அது. நாட்டின் பெரிய வீரர், பயந்தாங்கொள்ளியாக நடித்தார்.

1955-ல் தன் சொந்தக் கதையிலேயே தானாக நடிக்க வேண்டிவந்தது. முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். லேட்டி டிப்டன் சாகிற காட்சியையும், எரிகிற வண்டியையும் கேமரா முன்னால் திரும்பவும் வாழ்ந்தார். படம் தாறுமாறு ஹிட். யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கு வசூலை அள்ளிக் கொடுத்தது. நாடே கைதட்டியது. தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

பூட்டிய அறைக்குள் ஒரு வாரம்

தூங்குவதற்காக 'பிளாசிடில்' என்ற மாத்திரையை எடுக்க ஆரம்பித்தார். டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மாத்திரைதான். ஒரு கட்டத்தில் அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. 1960-களின் நடுவில், தான் அடிமையாகிவிட்டோம் என்று புரிந்ததும், ஒரு மோட்டலில் அறை எடுத்து உள்ளே பூட்டிக்கொண்டார். ஒரு வாரம். மாத்திரையை நிறுத்தினால் உடம்பு படுகிற அத்தனை பாட்டையும் தனியாகவே பட்டு வெளியே வந்தார். இந்த மாதிரி மாத்திரைகளை இப்படித் தடாலடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்பது இன்றைக்கு நமக்குத் தெரியும். நாட்டின் தலைசிறந்த வீரருக்கு அன்று கிடைத்த மறுவாழ்வு மையம், வாடகைக்கு எடுத்த ஒரு அறை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையைச் சொல்லக் காரணம். பேசினார். ஆண்பிள்ளை அழக்கூடாது, வீரன் பயப்படக்கூடாது என்று இருந்த காலத்தில், மெடல் ஆஃப் ஹானர் வாங்கிய ஒரு மனிதர், எனக்குத் தூக்கம் வருவதில்லை, கெட்ட கனவு வருகிறது, மாத்திரைக்கு அடிமையாகிக் கிடந்தேன் என்று ஊரறியச் சொன்னார். கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்பிவரும் பையன்களுக்கும் இதுதான் நடக்கும் என்று எச்சரித்தார். போர் மனசை என்ன செய்கிறது என்று அரசு ஆராய வேண்டும், காயத்துக்கு வைத்தியம் பார்ப்பதுபோல இதற்கும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒரு சாதாரணச் சிப்பாய் சொல்லியிருந்தால் கோழை என்று சிரித்திருப்பார்கள். ஆடி மர்ஃபியைப் பார்த்து யார் அப்படிச் சொல்ல முடியும்?

அவரை உத்தமர் ஆக்கிவிட வேண்டாம். சூதாட்டத்தில் சம்பாதித்ததை எல்லாம் விட்டார். 1968-ல் திவால். 1970-ல் ஒரு கைகலப்பு, கொலை முயற்சி வழக்குவரை போனது; நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. இவ்வளவு கடனிலும் சிகரெட், மது விளம்பரங்களில் நடிக்க மாட்டேன் என்றார். தன்னைப் பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அது தப்பான பாடம் ஆகிவிடும் என்று நினைத்தார்.

1971 மே 28. அவரும் இன்னும் ஐந்து பேரும் போன சின்ன விமானம், மோசமான வானிலையில் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. எல்லோரும் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து, மே 31 அன்றுதான் சிதைந்த விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு 'மெமோரியல் டே', போரில் இறந்த வீரர்களை அமெரிக்கா நினைத்துப் பார்க்கிற நாள்.

ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம். மெடல் ஆஃப் ஹானர் வாங்கியவர்களின் கல்லில் தங்க எழுத்து பொறிப்பது வழக்கம். மற்ற சிப்பாய்களுக்கு வைப்பதுபோல சாதாரணக் கல் போதும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கல்லில் பிறந்த வருஷம் 1924 என்றிருக்கிறது. பட்டாளத்தில் சேர அக்கா கூட்டிக்கொடுத்த வயசு, கல்லறைவரை கூடவே வந்துவிட்டது.

தாமதமாகத் திறந்த கதவு

ஆடி உயிரோடு இருந்தபோதே, 1970 கடைசியில், நியூயார்க்கில் வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் சிலர் மனநல மருத்துவர்களோடு வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். எல்லோரும் சண்டை பார்த்தவர்கள். அதனால் ஒருவர் சொன்னால் மற்றவருக்குப் புரிந்தது. இந்தச் சின்னக் கூட்டங்கள் மெல்லப் பரவின.

1979-ல் அமெரிக்க அரசு 'வெட் சென்டர்' என்ற மையங்களைத் தொடங்கியது. இவை ஆஸ்பத்திரிக்குள் இல்லை. வேண்டுமென்றே கடைத்தெருவில், குடியிருப்புகளுக்கு நடுவில் வைத்தார்கள். நோயாளி என்ற முத்திரைக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்கள், இங்கே சும்மா நுழைந்து பேசலாம். எதிரில் உட்கார்ந்து கேட்கிறவரும் பல நேரம் முன்னாள் வீரராகவே இருப்பார். மனைவி, பிள்ளைகளுக்கும் ஆலோசனை உண்டு. சண்டைக்குப் போய்த் திரும்பியவர் மட்டுமில்லை, அவர் வருகைக்காகக் காத்திருந்த வீடும் மாறியிருக்கும் என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு இது. இன்று அந்த நாட்டில் இப்படிச் சுமார் 300 மையங்கள் இருக்கின்றன.

அடுத்த வருஷமே, 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. முதல் உலகப்போரில் 'ஷெல் ஷாக்', ஆடியின் காலத்தில் போர்க்களைப்பு என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வலிக்கு ஒரு முறையான பெயர் கிடைத்தது. பெயர் இருந்தால்தான் சிகிச்சை, உதவித்தொகை எல்லாம் கேட்டு வாங்க முடியும்.

வெட் சென்டர்கள் ஆரம்பத்தில் வியட்நாம் வீரர்களுக்காக வந்தவை. ஆடியின் தலைமுறைக்கு, அதாவது இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டவர்களுக்கு, அந்தக் கதவு திறந்தது 1996-ல். அவர் இறந்து 25 வருஷம் கழித்து.

கிளிப்போர்டோடு ஒரு பெண்மணி

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் முன்னாள் வீரர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆடி மர்ஃபியின் பெயரை வைத்தார்கள். அது 1973-ல். அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடமாடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பமேலா.

கணவர் விட்டுப்போனது பேரும் கடனும்தான். பமேலா பெரிய வீட்டை விட்டுவிட்டு சின்ன அபார்ட்மென்ட்டுக்கு மாறினார். செபுல்வேடாவில் உள்ள முன்னாள் வீரர்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்டார் மனைவி என்று எந்தச் சலுகையும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தார்.

நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பாலமாக இருப்பது அவர் வேலை. கையில் கிளிப்போர்டோடு வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். டாக்டரைப் பார்க்க மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும் ஒரு வீரரைப் பார்த்தால், கையைப் பிடித்து நேராக டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஜெனரலோ, சாதாரணச் சிப்பாயோ, எல்லோரையும் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார். அந்த வேலையை அவர் 35 வருஷம் பார்த்தார். கடைசியாக வேலையை விட்டபோது வயசு 87. 2010-ல், 90 வயசில் இறந்தார்.

தூங்க முடியாத ஒருவரோடு 20 வருஷம் வாழ்ந்தவர் பமேலா. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாவிட்டால் ஒரு வீடு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டுக்கு வராத அந்த ஆளாக, 35 வருஷம் அடுத்தவர்களுக்கு அவரே இருந்தார்.